ஞாயிறு இல்லாத அட்டவணை

எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் ஜூன் பத்தாம் தேதி வெளிவர வேண்டும். அந்தத் தேதியைக் குறித்தது நாங்கள் அல்ல, மீன்கள்.

ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்கு வரை அறுபத்தொரு நாள் கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம் என்பதால் அரசு விதித்திருக்கும் தடை. அந்த இரண்டு மாதமும் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். படகு கரையில் நின்றால் படகுக்காரரின் கைபேசியும் கரையில் இருக்கும். ஏலக்கூடத்துப் பக்கம் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தால் நான்கே நாளில் முந்நூறு கைபேசிகளில் புதிய பதிப்பை ஏற்றிவிடலாம். தடை முடிந்த பிறகு, காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவரிடம் “அண்ணாச்சி, போனைக் குடுங்க, அப்டேட் பண்ணணும்” என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதை இங்கே எழுத முடியாது.

மென்பொருளின் பெயர் கொண்டல். கிழக்கே கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்றுக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைப் படகின் கம்பத்தில் கட்டிவிடுவோம். அந்தக் கருவி செயற்கைக்கோள்களிடமிருந்து இடத்தையும் நேரத்தையும் வாங்கிக் கைபேசிக்கு அனுப்பும். பாறை எங்கே இருக்கிறது, கடல் எல்லை எவ்வளவு தூரம், கரை எந்தத் திசை என்பதையெல்லாம் கைபேசி காட்டும். இதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்புகிறவர்கள் யாரும் சம்பளத்துக்குச் செய்வதில்லை. ‘நாளைக்குள் முடி’ என்று யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாத இடத்தில் ஒரு தேதியைக் காப்பாற்றுவதுதான் இதில் கடினமான வேலை.

நான் சொல்லப்போகும் ஆண்டுக்கு முந்திய ஆண்டு அந்தத் தேதி தவறியது. கொண்டலைத் தொடங்கிய ஃபிராங்க்ளின், மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே படகு வயர்லெஸ்ஸும் கடலாழம் அளக்கும் எக்கோ சவுண்டரும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு வருடமாக அவர் ஒரு வசதியை எழுதிக்கொண்டிருந்தார். அதற்குத் திரும்பு மணி என்று பெயர். கரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, படகு என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைப் பார்த்து, ‘இப்போது திரும்பினால்தான் நேரத்துக்குள் கரை சேரலாம்’ என்ற நொடியில் அது மணி அடிக்கும். நல்ல வசதிதான். அதற்காக ரிலீஸ் இரண்டு நாள் காத்திருந்தது, பிறகு நான்கு நாள், பிறகு ஆறு நாள். ஜூன் இருபத்திரண்டில், மணி இல்லாமலேயே வெளியிட்டபோது துறைமுகம் காலியாக இருந்தது. முந்நூற்றில் நாற்பத்தொரு கைபேசிகளில்தான் ஏற்ற முடிந்தது. மற்றவர்கள் அந்த ஆண்டு முழுவதும் பழைய பதிப்பின் பழைய கோளாறுகளுக்காக ஃபிராங்க்ளினைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த அடிக்குப் பிறகுதான் வெளியீட்டுப் பொறுப்பு ஜெஸ்மியிடம் வந்தது.

ஜெஸ்மி நாசரேத்துக்காரி. வயது இருபத்தெட்டு. பெரிய துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் ஒன்றில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறாள். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் எத்தனையாவது அடுக்கில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. ஜனவரிக் கூட்டத்தில் அவள் பேசியது இவ்வளவுதான்:

“ஒரு பெட்டிக்காவ கப்பல் காத்துக் கெடந்து பாத்திருக்கியளா? கேட் மூடுத நேரம்னு ஒண்ணு உண்டு. அதுக்குள்ள வந்த பெட்டி ஏறும். வராதது அடுத்த கப்பல்ல போவும். உள்ள தங்கமே இருந்தாலும் அப்படித்தான்.”

ஃபிராங்க்ளின் கைதட்டினார். எங்கள் திட்டத்தின் பக்கத்தில் அவரே தன் கையால் விதியை எழுதினார்: ‘தேதி நகராது. தயாராகாதது இறங்கிக்கொள்ளும்.’

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. பெங்களூரிலிருந்து நிரல் எழுதி அனுப்பும் ஒருவர், “ஒரு வரி கோட் எழுதாதவங்க ரிலீஸ் மேனேஜரா?” என்று குழுவில் கேட்டார். “கப்பல் ஓட்டத் தெரியாமத்தான் நான் தெனமும் கப்பல் அனுப்பிக்கிட்டு இருக்கேன்” என்று ஜெஸ்மி பதில் போட்டாள். வெளியில் சிரித்தாலும் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. ஒருநாள் என்னிடம், “எக்கா, இந்தத் தடவ தேதி தப்பிச்சுன்னா அடுத்து எஞ்சொல்ல யாரும் எடுக்க மாட்டாவ” என்றாள்.

நான் முத்துச்செல்வி. மில்லர்புரத்தில் வீடு, பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறேன். கொண்டலுக்குக் கையேடு எழுதுவது என் பங்கு.

ஜெஸ்மி மே இருபதாம் தேதி கேட்டை மூடினாள். அதாவது, அந்தத் தேதிக்குப் பிறகு புதிய வசதி எதுவும் உள்ளே வராது. உள்ளே வந்தவற்றின் பழுதை மட்டும் நீக்கலாம். பாறைகளின் புதிய வரைபடம் வந்துவிட்டது. பேட்டரிச் செலவைப் பாதியாகக் குறைத்த மாற்றமும் தெலுங்கு மொழியும் வந்துவிட்டன. ஃபிராங்க்ளினின் திரும்பு மணியும், கேட் மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது உள்ளே வந்தது.

தெலுங்குக்குக் காரணம் நூக்கராஜு. காக்கிநாடாப் பக்கம் படகுக்காரர் சங்கம் ஒன்றின் செயலாளர். இருநூற்றுப் பன்னிரண்டு படகுகளில் முதன்முறையாகக் கொண்டலைப் போட்டுப் பார்க்க அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் எல்லையைத் தாண்டி அது போவது அதுதான் முதல் தடவை. அவர்களுக்கும் ஜூன் பதினான்கோடு தடை முடிகிறது. பத்தாம் தேதி எங்களிடமிருந்து வந்தால்தான் அவர்களும் கரையில் வைத்து ஏற்ற முடியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியிட வசதியான காலம் படகுகள் நிற்கும் காலம். ஆனால் படகு ஓடினால்தான் சோதிக்க முடியும். இதற்கும் வழி இருந்தது. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. ஆலந்தலையில் சந்தியாகு பர்னாந்தும் அவருடைய கூட்டாளிகளும் ஆறு வள்ளங்களில் எங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஏப்ரல் இருபத்தொன்றிலிருந்து ஒவ்வொரு பயணமும் பதிவாகி எங்களுக்கு வந்தது. ஜூன் ஆறு வரை நூற்று எண்பத்தேழு பயணங்கள். எல்லாம் சுத்தம். மணி உள்ளே வந்த பிறகு, அது அடிக்க வேண்டிய ஒவ்வொரு தடவையும் அடித்திருந்தது.

ஜூன் ஆறு, வெள்ளிக்கிழமை மாலை. ஃபிராங்க்ளின் கடையில் உட்கார்ந்து ஜெஸ்மி கடைசி அட்டவணையைப் போட்டுக்கொண்டிருந்தாள்; நானும் பக்கத்தில் இருந்தேன். எந்த நாள் யார் துறைமுக மேசையில் உட்காருவது என்பதை எழுதிவிட்டு, கடைசி வரியாக ‘முதல் நாள் காவல்’ என்று போட்டாள். படகுகள் தடைக்குப் பிறகு முதன்முதலாகக் கடலுக்குப் போகும் நாளில் நாங்கள் எல்லோரும் போனும் கையுமாக இருக்க வேண்டும். அதற்கு எதிரே ஜூன் பதினாறு, திங்கள் என்று எழுதிக் குழுவில் அனுப்பினாள்.

உடனே நூக்கராஜுவிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது: பதினான்கு நள்ளிரவோடு தடை முடிகிறதே, ஏன் பதினாறு? பதினைந்து அதிகாலை நான்கு மணிக்கே எங்கள் படகுகள் கிளம்பிவிடும்.

ஜெஸ்மி நாள்காட்டியைப் பார்த்தாள். “பதினஞ்சு ஞாயித்துக்கெழமைலா?”

“ஞாயித்துக்கெழம எவன் கடலுக்குப் போவான்?” என்றார் ஃபிராங்க்ளின், சாலிடர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் கடற்கரையில் இது ஒரு கேள்வியே அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவார்கள், கடலுக்குப் போக மாட்டார்கள். வள்ளமும் போகாது, விசைப்படகும் போகாது. நாங்கள் எங்கள் வீட்டில் சாமிக்கு விளக்கேற்றுகிறவர்கள்தான். ஆனாலும் எனக்கும் ஞாயிறு என்றால் கடலுக்கு விடுமுறை, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை போலத்தான். உலகமே அப்படித்தான் என்று நாங்கள் மூன்று பேரும், இத்தனை படித்தும், நினைத்துக்கொண்டிருந்தோம்.

“அவங்க போவாங்க அண்ணே” என்றாள் ஜெஸ்மி மெதுவாக. பிறகு பயணப் பதிவுகளைத் திறந்து கிழமை வாரியாகப் பிரித்தாள். திங்கள் முப்பத்துநான்கு. செவ்வாய் முப்பத்துமூன்று. புதன் முப்பத்தொன்று. வியாழன் முப்பத்தைந்து. வெள்ளி முப்பது. சனி இருபத்துநான்கு. ஞாயிறு, பூஜ்யம்.

“எக்கா, மிஷினுக்கு ஞாயித்துக்கெழமன்னா ஏதாவது வித்தியாசம் உண்டுமா?”

உண்டா என்று யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று எத்தனை வகுப்புகளில் காத்திருந்திருப்பேன்! உண்டு. செயற்கைக்கோள்கள் நம்மைப் போல ஆண்டு, மாதம், தேதி என்று நேரத்தைச் சொல்வதில்லை. இது எத்தனையாவது வாரம், இந்த வாரம் தொடங்கி எத்தனை வினாடி ஆகிறது என்று இரண்டு எண்களாகச் சொல்கின்றன. ஒரு வாரத்துக்கு ஆறு லட்சத்து நாலாயிரத்து எண்ணூறு வினாடி. அந்த எண் நிறைந்ததும் மறுபடி பூஜ்யம். எந்த நொடியில் பூஜ்யமாகும்? லண்டன் பக்கத்துக் கடிகாரத்தில் சனிக்கிழமை நள்ளிரவு. நமக்கு அது ஞாயிறு காலை ஐந்தரை. செயற்கைக்கோளின் கடிகாரம் நம்முடையதைவிடப் பதினெட்டு வினாடி முந்தி ஓடுவதால், சரியாகச் சொன்னால், ஐந்து மணி இருபத்தொன்பது நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி.

நான் சொல்லி முடிப்பதற்குள் ஃபிராங்க்ளின் சாலிடர் கம்பியை வைத்துவிட்டுக் கணினிக்குப் போய்விட்டார். பழைய பதிப்புகள் கைபேசியின் கடிகாரத்தைத்தான் நம்பின. திரும்பு மணிக்குத் துல்லியம் வேண்டும் என்று அவர் பெட்டியிலிருந்து வரும் வினாடியை எடுத்திருந்தார். வினாடியை மட்டும். வார எண்ணை எடுக்கவில்லை.

வேகம் கண்டுபிடிக்க ஓடிய தூரத்தை ஓடிய நேரத்தால் வகுக்க வேண்டும். ஓடிய நேரம் என்பது இப்போதைய வினாடியில் முந்தைய வினாடியைக் கழித்தது. ஆறு லட்சத்திலிருந்து எண் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கழித்தல் எதிர்மறையாகிவிடும். எதிர்மறை வேகத்தைப் பார்த்தால் நிரல் ‘படகு நங்கூரத்தில் நிற்கிறது’ என்று முடிவு செய்து அந்தப் பயணம் முழுவதும் சும்மா இருந்துவிடும். பொய்யான பதிவு ஒன்றைத் தயாரித்து ஓட்டிப் பார்த்தோம். மணி அடிக்கவே இல்லை.

பதினைந்தாம் தேதி காலை நான்கு மணிக்கு, மணி அடிக்கும் என்று நம்பி இருநூற்றுப் பன்னிரண்டு படகுகள் கிளம்பியிருக்கும்.

“இத நான் நாளைக்கே சரி பண்ணிருதேன்” என்றார் ஃபிராங்க்ளின். சொன்னபடியே சனிக்கிழமை மதியம் திருத்தி அனுப்பினார். பொய்ப் பதிவில் வேகம் சரியாக வந்தது.

“கடல்ல பாக்கணும்” என்றாள் ஜெஸ்மி. “கேட் மூடுன பெறகு வந்த திருத்தம். ஓட்டிப் பாக்காம ஏத்த மாட்டேன்.”

பத்தாம் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது, மறுநாள். சந்தியாகுவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டோம்.

“ஞாயித்துக்கெழமயா?” என்றார். “டீச்சர், வெளையாடுதியளா? ஊர்க்கமிட்டி என்னய நடுத்தெருவுல நிப்பாட்டிரும். வேணும்னா ஒண்ணு செய்யுதேன், கரையில கெடக்குத வள்ளத்துல ஏறி உக்காந்துக்கிடுதேன்.”

“வள்ளம் ஓடணும் அண்ணாச்சி.”

“அப்பம் லாரில ஏத்தி ரோட்டுல ஓட்டுங்க!”

அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். ஜெஸ்மி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“எக்கா, ஒங்க ஸ்கூட்டர் மணிக்குப் பன்னெண்டு கிலோமீட்டர்ல ஓடுமா?”

செயற்கைக்கோளுக்குக் கீழே இருப்பது கடலா சாலையா என்று தெரியாது. “ஏளா, நானா?” என்றேன்.

“நான் நாசரேத்துல கோயில்ல இருப்பேன். அண்ணன் அஞ்சரைப் பூசைல இருப்பாவ. நம்ம கூட்டத்துல ஞாயித்துக்கெழம காலைல சும்மா இருக்குதது நீங்க ஒராள்தான்.”

“நான் வேணும்னா பூசைக்கு எட்டரைக்குப் போறேன்” என்றார் ஃபிராங்க்ளின்.

“வேண்டாம் அண்ணே. எழுதுனவரே பாத்தா அது சோதனை இல்ல.”

ஞாயிறு காலை நான்கு ஐம்பதுக்கு மில்லர்புரத்திலிருந்து கடலுக்குப் புறப்பட்டேன். அதாவது, ஸ்கூட்டரில். பெட்டியை ஒரு மூங்கில் கம்பில் வைத்து, பழைய சைக்கிள் டியூபால் முன்பக்கத்தில் கட்டியிருந்தேன். கைபேசியில் கரை என்று என் வீட்டைக் குறித்து, ஏழு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று போட்டிருந்தேன். திரையில் ‘கையில் உள்ள நேரம்’ என்று ஒரு எண் குறைந்துகொண்டே வரும். அது பூஜ்யமானதும் மணி அடிக்க வேண்டும். நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: ஒரே வேகத்தில் போனால் ஐந்து ஐம்பத்தைந்துக்கு.

துறைமுகச் சாலையில் இரண்டு பக்கமும் உப்பளம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தோளைத் தள்ளியது. காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிக்கொண்டு நீண்ட டிரெய்லர் ஒன்று எதிரே ஊர்ந்து வந்தது. அந்தச் சாலையில் என்னைவிட மெதுவாகப் போனது அது ஒன்றுதான். ஐந்து இருபத்துநான்குக்குப் பின்னாலிருந்து ஒரு பைக் வந்து என்னோடு ஒட்டி ஓடியது. போலீஸ்காரர்.

“என்ன மேடம், வண்டில கோளாறா?”

“இல்ல சார்.”

“பெறவு ஏன் மாட்டு வண்டி மாதிரி போறிய? அது என்ன கம்பு?”

நிற்க முடியாது. நின்றால் நங்கூரம் போட்டதாகிவிடும். “சார், நான் படகு ஓட்டுதேன்” என்றேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “இன்னும் அஞ்சு நிமிஷத்துக்கு நிக்கப்பிடாது. கூட வாங்க, சொல்லுதேன்.”

நல்ல மனிதர். கூடவே வந்தார். செயற்கைக்கோள், வாரம், வினாடி, பூஜ்யம் என்று எல்லாவற்றையும் காற்றுக்கு மேல் கத்திச் சொன்னேன். ஐந்து இருபத்தொன்பது ஆனபோது அவரும் என் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். “முப்பத்தஞ்சு… நாப்பது… நாப்பத்தொண்ணு…” என்று எண்ணினார்.

வேகம் மாறவில்லை. பன்னிரண்டு என்றே நின்றது. ஃபிராங்க்ளினின் திருத்தம் வேலை செய்தது. கத்தப் போனேன். அப்போதுதான் அடுத்த வரியைப் பார்த்தேன். அதுவரை ‘கையில் உள்ள நேரம்: 50 நிமிடம்’ என்றிருந்தது. இப்போது ‘7 நாள் 50 நிமிடம்’ என்று இருந்தது.

“ஏழு நாளா? அதுவரைக்கும் நீங்க இங்கயே சுத்தலாம் மேடம்” என்றார் போலீஸ்காரர்.

காரணம் அங்கேயே புரிந்துவிட்டது. நான் கிளம்பும்போது ‘ஏழு மணி’ என்பதைப் பழைய வாரத்தின் வினாடியாக நிரல் குறித்துக்கொண்டது. அங்கேயும் வார எண் இல்லை. கடிகாரம் புதிய வாரத்துக்குப் போனதும் அந்த ஏழு மணி அடுத்த ஞாயிற்றின் ஏழு மணி ஆகிவிட்டது. வேகம்தான் நோய் என்று நினைத்து வேகத்தை மட்டும் சோதித்திருந்தோம். எதைத் தேடினோமோ அதை மட்டும் பார்த்தோம். ஆனாலும் ஐந்து ஐம்பத்தைந்து வரை ஓட்டினேன். சோதனை என்றால் கடைசி வரை போக வேண்டும். போலீஸ்காரரும் வந்தார்.

“அடிக்கலயே மேடம்.”

“அடிக்காது சார்.”

ஆறேகாலுக்கு மூன்று பேரும் போனில் பேசினோம். ஃபிராங்க்ளின் கோயில் படியில் நின்றார். ஜெஸ்மியின் பின்னால் நாசரேத் கோயில் மணி கேட்டது.

“தெரிஞ்சுபோச்சு” என்றார் ஃபிராங்க்ளின். “ஒரே ஒரு எடம். பத்து நிமிஷ வேல.”

“மாத்துததுக்குப் பத்து நிமிஷம் அண்ணே. சரியா இருக்கான்னு பாக்க ஏழு நாள்.”

“பொய்ப் பதிவுல போட்டுப் பாத்தாப் போதும்லா?”

“நேத்தும் பொய்ப் பதிவுல சரியாத்தான் இருந்துச்சு.”

ஃபிராங்க்ளினின் குரல் ஏறியது. “ஏளா, இந்த ரிலீஸே அந்த மணிக்காவத்தான். ரெண்டு வருஷம். ஒரு வாரம் தள்ளிவச்சா என்ன கொறஞ்சு போவும்? பதினஞ்சாம் தேதி அவங்க படகுலயே பாத்துரலாம்.”

“அவங்க படகுல ஆளு இருக்காவ அண்ணே” என்றாள் ஜெஸ்மி. “தேதி நகராது. மணி இறங்கிக்கிடும். நான் சொல்லல, நீங்க எழுதுனது.”

ஃபிராங்க்ளின் போனை வைத்துவிட்டார்.

ஜெஸ்மி இணைப்பிலேயே இருந்தாள். “தப்பா பேசிட்டேனாக்கா?” என்றாள். “கப்பல் அனுப்புதவ பேசுத மாதிரிதான் பேசுன” என்றேன். அவள் கோயிலுக்குள் போய்விட்டாள்.

அன்று பகல் முழுவதும் ஃபிராங்க்ளினிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. திட்டம் அவர் தொடங்கியது. சாவிகள் எல்லாம் அவர் கையில். வேண்டுமென்றால் வெளியீட்டைப் பூட்டி வைக்க அவரால் முடியும். ஜெஸ்மிக்கு நிரலிலிருந்து மணியை இறக்கத் தெரியாது. பெங்களூர்க்காரர் இறக்கித் தர முன்வந்தார். “எழுதுனவர் சொல்லட்டும்” என்று அவள் காத்திருந்தாள். திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு எங்கள் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. திரும்பு மணி முழுவதையும் ஃபிராங்க்ளினே தன் கையால் புதிய பதிப்பான 4.0-இலிருந்து எடுத்திருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் எழுதியிருந்தார்: ‘மணி இறக்கப்பட்டது. அடுத்த கப்பலில் ஏறும். பெட்டியின் சொந்தக்காரர் ஒப்புதல்.’

பத்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கொண்டல் 4.0 வெளிவந்தது. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. கையேட்டில் மணியைப் பற்றிய நான்கு பக்கங்களை நானும் எடுத்துவிட்டேன். பொறுமையாக எழுதிய பக்கங்கள், வலிக்கத்தான் செய்தது. பதினொன்றிலிருந்து பதினான்கு வரை ஏலக்கூடத்துப் பக்கம் மேசை போட்டோம். ஃபிராங்க்ளின் நான்கு நாளும் கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். “மணி எங்கடே?” என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், “அது இன்னும் ஞாயித்துக்கெழம படிக்கல அண்ணாச்சி” என்றார். முந்நூற்றில் இருநூற்றுத் தொண்ணூற்றொரு கைபேசிகளில் ஏற்றினோம். காக்கிநாடாவில் இருநூற்றுப் பன்னிரண்டிலும்.

பதினைந்தாம் தேதி, ஞாயிறு. அட்டவணையில் ஜெஸ்மி ‘முதல் நாள் காவல்’ என்பதைத் திருத்தியிருந்தாள்: அதிகாலை நான்கு மணி, முத்துச்செல்வி. நூக்கராஜு அனுப்பிய திரையில், கரையிலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கிழக்கே போயின. ஐந்து இருபத்தொன்பது நாற்பத்திரண்டு வந்தது. போனது. ஒரு புள்ளிகூடத் துள்ளவில்லை. என் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜெஸ்மிக்கு ஒரு சொல் அனுப்பினேன்: ‘கடந்தது.’ அவள் கோயிலுக்குள் போனைப் பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். உடனே பதில் வந்தது: ‘ஸ்தோத்திரம். எத்தனை படகு?’

ஜூலை முதல் வாரம் ஃபிராங்க்ளின் கடைக்குப் போனபோது சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. மணியை ஏற்றுவதற்காக இடையில் அக்டோபரில் வரவிருக்கும் பதிப்புக்கான சோதனை அட்டவணை. முதன்முறையாக அதில் கிழமைக்கு ஒன்றாக ஏழு பத்திகள் இருந்தன. ஆறில் ஆலந்தலை வள்ளங்களின் பெயர்கள். ஏழாவதில், சோதனைக்கு முன்வந்த நான்கு காக்கிநாடாப் படகுகளின் பெயர்கள், ஃபிராங்க்ளினின் கோணல் எழுத்தில். ஜூன் இருபத்தொன்பது, ஞாயிறு என்ற கட்டத்தில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு: கிளம்பியது அதிகாலை 4:10. மணி அடித்தது பகல் 2:47. அடிக்க வேண்டியது 2:47.

எக்கோ சவுண்டரைப் பழுது பார்க்கக் கொண்டுவந்திருந்த ஒரு படகுக்காரர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்த ஜெஸ்மியை ஃபிராங்க்ளின் அவருக்குக் காட்டினார்.

“தெரியுமா அண்ணாச்சி? எங்க ரிலீஸ் மேனேஜர். ரெண்டு வருஷமா நான் செஞ்ச மணிய எறக்கி வச்சுட்டுக் கப்பல நேரத்துக்கு அனுப்புன பிள்ள.” அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தன் மகளின் முதல் ரேங்க்கைச் சொல்கிறவர் போலச் சொன்னார்.

ஜெஸ்மி தலையைத் தூக்கவில்லை. ஆனால் காது வரை சிவந்திருந்தாள்.

“செப்டம்பர் அஞ்சு சாயங்காலம் ஆறு மணிக்கு கேட் மூடும் அண்ணே” என்றாள். “ஒரு நிமிஷம் பிந்துனாலும் திருப்பியும் எறக்கிருவேன்.”